வினை வரும்வரை

சூளகிரி தோட்டம்
14.10.2024

அன்பு அக்காவுக்கு,

சுசித்ரா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். குழந்தை புட்டிக்குச் சளி, அது இந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி, வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் முட்டிவலி எப்படி? உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. தாமதம்தான், திட்டாதே. போனில் பேசலாம் என்றால் உன் மலையில் டவர் இல்லை. சனிக்கிழமை நீ நாட்றாம்பாளையத்துக்கு இறங்கி வந்து கூப்பிடும்போது, அத்தை என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். "ஸ்பீக்கர்ல போடும்மா, நானும் கேக்கறேன்." அதனால் நமக்குத் தபால்தான்.

அக்கா, என்னை எதற்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்தீர்கள்? இங்கே நான் பார்ப்பது துபாஷி வேலை. உள்ளூரில் தோட்ட வேலைக்கு ஆள் கிடையாது. விடிந்தால் எல்லோரும் கம்பெனி பஸ் ஏறி ஓசூர் போய்விடுகிறார்கள், என் வீட்டுக்காரர் பிரேம்குமார் உட்பட. அதனால் மாமா ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஜோடியை வைத்திருக்கிறார். பிசு, அவன் மனைவி சாபித்ரி. நாம் சாவித்திரி என்றால் அவள் திருத்துகிறாள்: சாபித்ரி. மாமா பேசுவது தெலுங்கும் தமிழும். அத்தைக்குக் கன்னடம். அவர்களுக்கு ஒடியாவும் கொஞ்சம் ஹிந்தியும். "ஏம்மா, நீ ஹிந்தி பரீச்சை எழுதினவதான? நீயே கேட்டுச் சொல்லு" என்று மாமா ஒருநாள் சொன்னார். அன்றோடு தொலைந்தேன்.

குக்கர் விசில் அடிக்கும்போதுதான் வெளியிலிருந்து குரல் வரும்: "சுசித்ரா! சொட்டுநீர் பைப் எங்க அடைச்சிருக்குன்னு கேளு!" புட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவேன். அடைப்புக்கு ஹிந்தியில் என்ன? நான் எழுதிய பரீட்சையில் ராஜா வந்தான், முயல் வந்தது, அடைப்பு வரவில்லை. நேற்று மாமா "பனி அயிந்தா?" என்று கேட்டார், வேலை முடிந்ததா என்று, தெலுங்கில். பிசு ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவனுக்குப் பானி என்றால் தண்ணீர். மாமா குடித்துவிட்டு மறுபடி "பனி அயிந்தா?" என்றார். மறுபடி சொம்பு. நான் சிரிப்பதா அழுவதா?

புட்டி முழுநாளும் சாபித்ரியின் பின்னாலேயே திரிகிறாள். அவளை "மாவுசி" என்கிறாள், ஒடியாவில் சித்தியாம். நான் ஊட்டினால் துப்புகிறவள், அவள் பொரியைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் வாயைத் திறக்கிறாள். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள் போனால் வெள்ளரிப் பிஞ்சைக் கொடியிலிருந்தே பறித்துக் கடிக்கிறாள். மருந்து அடித்ததா, கழுவினார்களா, எத்தனை நாள் ஆயிற்று என்று நான்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டு ஓய்கிறேன். "ரொம்பப் பயப்படற" என்கிறார் இவர். பயப்பட ஒருத்தியாவது வேண்டாமா?

உடம்பைப் பார்த்துக்கொள். பாறையில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு.

உன் தங்கை,
சுசித்ரா

•

நாட்றாம்பாளையம் வழி
27.10.2024

அன்புள்ள சுசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம், முட்டி தவிர. வருகைப் பதிவை போனில்தான் அனுப்ப வேண்டும் என்ற உத்தரவு இருக்கும்வரை முட்டிவலியும் இருக்கும். தினமும் பாறைமேல் ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தால்தான் என் இருபத்தொரு பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தது மேலே தெரிகிறது. மழை வந்தால் எனக்குப் பாறை கிடையாது. அன்று பதிவில் ஒரு பிள்ளையும் வரவில்லை. வகுப்பில் இருபத்தொன்றும் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். கத்துவதும் கன்னடத்தில். நான் நடத்துவது தமிழ். உன் பாடு எனக்குப் புரிகிறது என்று சொல்ல வந்தேன்.

உன் ஹிந்தியை நினைத்துச் சிரித்தேன். கிருஷ்ணகிரி ட்யூஷனில் சரோஜம்மாள் டீச்சரிடம் நீ சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? "நேத்துக்கும் கல், நாளைக்கும் கல்லுன்னா அந்த ஊர்ல பஸ்ஸை எப்படி டீச்சர் புடிப்பாங்கோ?" என்று கேட்டாய். அவர் டஸ்டரை உன் மேல் எறிந்து, "கடைசிவரைக்கும் கேளுடி. வினைச்சொல் வரும், அது சொல்லும்" என்றார். உனக்குத்தான் கடைசிவரை கேட்கிற பழக்கமே கிடையாதே. இந்தக் கடிதத்தையாவது முழுசாகப் படி.

புட்டிக்கு என் முத்தம். பிரேம்குமாரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
அனுப்ரியா

•

சூளகிரி தோட்டம்
19.11.2024

அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். புட்டி இப்போது நன்றாக இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை வெள்ளரிப் பிஞ்சு தின்றாள். மதியத்துக்குள் வாந்தி, வாயில் எச்சிலாக வழிந்தது, கண் சொருகியது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "என்ன மருந்து அடிச்சீங்க, டப்பாவைக் கொண்டாங்க" என்றார் டாக்டர். இவர் வண்டியில் திரும்பிப் பறந்து எடுத்துவந்தார். சனிக்கிழமை சாயங்காலம்தான் புட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

பிசு புதன்கிழமையே மருந்து அடித்திருக்கிறான். வியாழன் காலை நான் கேட்டபோது நாளைக்குத்தான் அடிப்பேன் என்றான். அதனால்தான் புட்டி பறிக்கும்போது யாரும் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் மாமா அவனைக் கேட்டபோது என்னைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு "கல் போலா தா, தீதி, கல் போலா தா" என்றான். "என்னம்மா சொல்றான்?" என்று மாமா கேட்டார். 'நாளைக்குன்னுதான் சொன்னேன்'னு அவனே ஒத்துக்கறான் என்று சொல்லப்பட்டது. அன்றைக்கே அவர்கள் அனுப்பப்பட்டுவிட்டார்கள். மூட்டையைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் விஷயம் தெரிவிக்கப்பட்டுவிட்டது.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

சுசி

•

நாட்றாம்பாளையம் வழி
29.11.2024

என் கண்ணு சுசிக்கு,

கடிதம் வந்ததும் நாட்றாம்பாளையம் ஓடினேன். உனக்குப் போன் போட்டேன், உன் அத்தை எடுத்தார். "கூசு சென்னாகிதெ, சென்னாகிதெ" என்று இரண்டு முறை சொன்னார். குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ ஏன் போனுக்கு வரவில்லை?

உனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று தெரியும். அரையாண்டுத் தேர்வு இல்லாவிட்டால் இப்போதே கிளம்பி வந்திருப்பேன். புட்டிக்கு இளநீர் கொடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வியாழக்கிழமை காலை அவன் என்ன சொன்னான்? அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுது. தமிழில் வேண்டாம்.

அனு அக்கா

•

சூளகிரி தோட்டம்
22.12.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம்தானே? மறுபடி தாமதம். வீட்டில் ஓயாத ஜனம். புட்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பன் பாக்கெட்டும் ஒரு குற்றச்சாட்டும் கொண்டுவருகிறார்கள். நாராயணம்மா பெரியம்மா வந்தார். "வடக்கத்தி ஆளுங்களை வெச்சா இப்படித்தான். கொழந்தைய எப்படிம்மா அவகிட்ட உட்ட?" என்றார். அவர் தோட்டத்தில் எட்டுப் பேர் பீகாரிலிருந்து வந்து வேலை செய்கிறார்கள். அதைச் சொன்னால் "அவங்க நல்லவங்க" என்கிறார்.

மாமாவே இப்போது கொடி கட்டுகிறார், மருந்து அடிக்கிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். நாற்பது நாளாக அவர் ஆள் தேடுகிறார். நேற்று வந்தவன் அசாம்காரன், ஹிந்தியும் சுமார்தான். "கேட்டுச் சொல்லு" என்றார் மாமா. எனக்கு ஹிந்தி மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

புட்டிதான் என்னைப் படுத்துகிறாள். காலையில் எழுந்ததும் "மாவுசி, மாவுசி" என்று அழுகிறாள். அத்தை பாவம், குழந்தை மாவு கேட்கிறது என்று ராகி மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினார். அதைத் தட்டிவிட்டாள். மறுநாள் அரிசி மாவு. அதற்கு மறுநாள் கோதுமை மாவு. "ஏன் கூசே, எந்த மாவுதான் வேணும் உனக்கு?" என்று அத்தையும் அழ ஆரம்பித்துவிட்டார். நான் கூழ்ப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

ஊரில் ஏதோ வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறதாம். ஒடிசா ஆளுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்கிற மாதிரி. யாரோ போட்டிருக்கிறார்கள். இந்த ஜனங்களுக்கு வேறு வேலை இல்லை.

உன் பிள்ளைகள் தேர்வு நன்றாக எழுதினார்களா?

சுசித்ரா

•

நாட்றாம்பாளையம் வழி
2.1.2025

சுசிக்கு,

நலம். புத்தாண்டு வாழ்த்தைப் பிறகு சொல்கிறேன்.

போன சனிக்கிழமை நாட்றாம்பாளையத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் தக்காளிக்காரர் ஒருவர் போனைத் தூக்கி வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார். "அக்காங்களா, தோட்டத்துல ஒடிசாக்காரங்களை வெச்சிருக்கறவங்க ஜாக்கிரதையா இருங்க. எங்க வீட்டு ஆளு பிசுன்னு பேரு, பொண்டாட்டி பேரு சாபித்ரி. மருந்து அடிச்சதை மறைச்சு எங்கிட்ட பொய் சொல்லிட்டான். என் கொழந்தை இங்க சலைன்ல கெடக்குது." அழுகை. பின்னால் ஆஸ்பத்திரி மணி.

யாரோ போட்டிருக்கிறார்களா, சுசி? நான் தூக்கி வளர்த்த குரல் அது.

நான் உன்னை மட்டும் சொல்லவில்லை. அங்கே எழுந்து, அது என் தங்கை, விஷயத்தைச் சரியாக விசாரித்துவிட்டுப் பரப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மலை ஏறும்வரை என் மேலேயே எனக்கு எரிச்சல்.

வந்ததும் உன் நவம்பர் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அனுப்பப்பட்டார்கள். சொல்லப்பட்டது. தெரிவிக்கப்பட்டது. நீ இப்படி எழுதுகிறவள் இல்லையே. ஐந்தாம் வகுப்புக்கு நான் இந்த மாதம் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்துகிறேன். செய்தது யார் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம் என்று பிள்ளைகளுக்கு ஆச்சரியம்.

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அனுப்ரியா

•

சூளகிரி தோட்டம்
26.1.2025

அக்கா,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். மூன்று வாரம், அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் பட்டது.

வியாழக்கிழமை காலை நான் பாலிஹவுஸ் வாசலில் நின்று மருந்து எப்போது என்று கேட்டேன். பிசு உள்ளே கொடி கட்டிக்கொண்டிருந்தான். "கல்" என்றான். "கல் தவா மா..." அந்த "மா" வரைக்கும் என் காதில் விழுந்தது. அதற்குள் புட்டி தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டாள். நான் திரும்பி ஓடிவிட்டேன். தவா மாரா என்றால் மருந்து அடித்தேன். மாரூங்கா என்றால் அடிப்பேன். எது என்று கேட்க நான் நிற்கவில்லை. நாளைக்கு என்று எனக்கு நானே முடித்துக்கொண்டேன். ஹிந்தியிலும் வினை கடைசியில்தான் வரும், நம் தமிழ் மாதிரியே. அதற்கு இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் போதும்.

இன்னும் இருக்கிறது. அவன் கையைக் கூப்பிக்கொண்டு "கல் போலா தா" என்றானே, அவன் சொன்னது "கல் என்று சொன்னேனே" என்று. நேற்று அடித்தேன் என்று சொன்னேனே அக்கா என்று கெஞ்சியிருக்கிறான். அதை நான் மாமாவுக்கு 'நாளைக்குன்னு சொன்னேன்னு ஒத்துக்கறான்' என்று மாற்றிச் சொன்னேன். சொல்லப்பட்டது இல்லை, அக்கா. நான் சொன்னேன். மாமா அவன் மூட்டையைத் தூக்கி ரோட்டில் போட்டார். சாபித்ரி புட்டியின் கவுன் ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். போகும்போது அதை எடுத்து மடித்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாளாம். அத்தைதான் சொன்னார்.

எனக்கு இது எப்போது தெரிந்தது என்று கேட்பாய். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது. புட்டி எழுந்து உட்கார்ந்தவுடன் நர்ஸ் "நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றார். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சர் எறிந்த டஸ்டர் வந்து நெற்றியில் பட்ட மாதிரி இருந்தது. உனக்குக் கடிதம் எழுதியது அதற்கு மூன்று நாள் கழித்து. தெரிந்துதான் எழுதினேன்.

வீட்டில் எப்படிச் சொல்வது? பெற்ற பிள்ளைக்கு விஷம் தின்னக் கொடுத்தவள் என்று ஆகிவிடும். அத்தை ஏற்கெனவே நான் பிள்ளையைவிட போனைத்தான் அதிகம் பார்க்கிறேன் என்கிறார். நீ வா அக்கா. நீ வந்து சொல். நீ சொன்னால் மாமா கேட்பார்.

சுசி

•

நாட்றாம்பாளையம் வழி
2.2.2025

சுசிக்கு,

நலம். நான் வரமாட்டேன்.

லீவு இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். லீவு இருக்கிறது. நான் வந்து சொன்னால் அது இன்னொரு மொழிபெயர்ப்பு. உங்கள் வீட்டில் அதெல்லாம் போதும்.

நேற்று நான் அந்த டீக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், அந்தக் குரல் என் தங்கை, அதில் தப்பு இருக்கிறது என்று. தக்காளிக்காரர் அன்று இல்லை. இருந்த மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "அப்படியா டீச்சர்?" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதற்காகச் சாப்பிடாமல் கிடக்காதே. புட்டி எப்படி இருக்கிறாள் என்று நீ போன கடிதத்தில் எழுதவே இல்லை. எழுது.

அனு

•

சூளகிரி தோட்டம்
20.2.2025

அன்பு அக்காவுக்கு,

புட்டி நன்றாக இருக்கிறாள். ஒரு கிலோ கூடியிருக்கிறாள். மாவுசி கேட்பதை மட்டும் விடவில்லை. உன் முட்டி எப்படி?

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, இவர் ஷிப்ட் இல்லாத நாள், மூன்று பேரையும் உட்கார வைத்து. இவர் "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சுசி" என்றார். அன்னிக்கே சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

அத்தை மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. நாலாம் நாள் தட்டை என் கையிலிருந்து வாங்கி, "கூசுக்கு நானே ஊட்டறேன். நீ போயி பாஷை பேசிட்டிரு" என்றார். வாங்கிக்கொண்டேன், சரியான அடி.

மாமா எழுந்து போனார். மறுநாள் பார்த்தால் அத்தையின் பழைய சிவப்புச் சேலையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, மருந்து அடித்த பாத்திகளின் குச்சியில் கட்டியிருக்கிறார். மருந்தின் வீரியம் தீரும் நாளில் அவிழ்ப்பாராம். "இதுக்கு எந்தப் பாஷையும் வேணாம் பாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "மூட்டையைத் தூக்கி எறிஞ்சவன் நானு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு அவன் முன்னாடி போயி நிப்பேன்?" என்றார்.

அதே வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு வாய்ஸும் போட்டேன். பிசு பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது, அவன் சொன்னதைக் கடைசிவரை நான் கேட்கவில்லை என்று. அழாமல் பேசினேன், அதனாலோ என்னவோ யாரும் அனுப்பவில்லை. முதல் வாய்ஸ் பாகலூர் வரை போயிற்று. இதற்கு நாலு பேர் கும்பிடு போட்டார்கள். நாராயணம்மா பெரியம்மா மட்டும் போன் செய்து "உனக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்றார். எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

காய் ஏற்ற வரும் டெம்போ டிரைவர் ஆஞ்சப்பன் நேற்று சொன்னார்: "உங்க சாபித்ரியைக் குருபரப்பள்ளி தாபாவுல பாத்தேன் அண்ணி. பாத்திரம் கழுவிட்டிருக்குது. அவன் கல்லு லோடு ஏத்தறானாம். தோட்டத்துல எவனும் சேத்துக்கல."

இதற்கு நடுவில் இன்று காலை ஒரு கூத்து. கேட் கம்பியில் யாரோ ஒரு பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரித்தால் பொரி. அத்தை அலறிவிட்டார். "செய்வினை வெச்சிட்டாங்கோ! கூசு மேல கண்ணு!" எலுமிச்சம்பழம் சுற்றி, மிளகாய் போட்டு, பொரியைப் பொட்டலத்தோடு வைத்துக் கொளுத்திவிட்டார். எனக்கு இருமலே நிற்கவில்லை. நீ பாடம் நடத்தும் செய்வினை இங்கே இப்படி இருக்கிறது.

நாளைக்கு புட்டியைத் தூக்கிக்கொண்டு குருபரப்பள்ளி போகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

சுசித்ரா

•

சூளகிரி தோட்டம்
22.2.2025

அக்கா,

முந்தாநாள் எழுதிய கடிதமே இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. இதையும் சேர்த்துப் படித்துக்கொள். இந்த ஒரு முறை தாமதமில்லை.

நேற்று பத்தரை மணிக்குத் தாபாவுக்குப் போனோம். பின்பக்கம் குழாயடியில் சாபித்ரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மலை மாதிரி தட்டுகள். புட்டி என் கையிலிருந்து திமிறி "மாவுசி!" என்று ஓடினாள். அவள் சாம்பல் கையை விரித்துத் தள்ளிப் பிடித்தபடி முழங்கையால் அணைத்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகுதான் தொட்டாள். நெற்றி, கழுத்து, நாக்கு. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். கை கழுவினாயா என்று அவளை நான் எத்தனை நாள் அரித்திருக்கிறேன்!

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். தப்பு என்னுடையது. பிசு சொன்னதை நான் முழுசாகக் கேட்கவில்லை. தப்பாக மாற்றிச் சொன்னேன். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். என் ஹிந்தி அவளுக்குப் புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. திரும்பி வருவீர்களா என்று கேட்டேன்.

"கல்" என்றாள்.

அதற்குள் உள்ளேயிருந்து ஓனர், "ஏய், பிளேட்டு எங்க? நாலு பஸ் நிக்குது!" என்று கத்தினார். அவள் தட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நின்றேன், அக்கா. வெயில். லாரி லாரியாகப் புழுதி. புட்டி ஒரு ஈரக் கரண்டியை வைத்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். நாளைக்கு வருகிறோம் என்றுதான் சொல்ல வந்தாள் என்று என் மனசு மறுபடியும் முடித்துக்கொள்ளப் பார்த்தது. விடவில்லை. பஸ்கள் கிளம்பியதும் அவள் வந்தாள். கல்? என்று கேட்டேன்.

"கல் ஆயே..." என்றாள். ஆயேங்கே என்றால் வருவோம். ஆயே தே என்றால் வந்திருந்தோம். கடைசி எழுத்துக்காக நின்றேன்.

"தே" என்றாள். "கல் ஆயே தே, தீதி."

நேற்று வந்திருந்தோம். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க, அவளும் பிசுவும், வேலை தொடங்குவதற்குள் திரும்ப வேண்டும் என்று முதல் பஸ்ஸில். கேட்டுக்கு வெளியில் நின்றார்களாம். மாமா தூரத்தில் குச்சிக்குச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தாராம். கூப்பிடத் தைரியம் வரவில்லை. கம்பியில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு கேட்டாள், முகமெல்லாம் ஆசையாக: புட்டி பொரி தின்றாளா?

ஹிந்தியில் அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஜல் கயா என்றால் எரிந்துவிட்டது, தானாக, யாரும் ஒன்றும் செய்யாமல். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கினேன். அதுதான் நாக்கில் முதலில் வந்தது.

"ஜலா தியா" என்றேன். "ஹம்னே." நாங்கள் எரித்தோம்.

சாபித்ரி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. திட்டினாலும் கடைசிவரை கேட்பது என்று நின்றேன். அவள் எழுந்து ஸ்டோர் ரூம் பக்கம் போனாள். வரும்போது உள்ளங்கை நிறைய பொரி, தண்ணீர் தெளித்து நனைத்தது. புட்டியை மடியில் உட்கார வைத்து ஒவ்வொரு வாயாகக் கொடுத்தாள். ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை. எனக்கு நீட்டவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் அப்படியே சொன்னேன், ஒரு சொல் மாற்றாமல், ஹிந்தியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. அத்தை பொரியைப் பற்றிக் கேட்டதும் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். மாமா, "எத்தினி மணி பஸ்ஸு?" என்றார். முதல் பஸ் அஞ்சு ஐம்பதுக்கு. சலவைச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். நாளைக் காலை நானும் போகிறேன். ஆனால் அவர் பேசும்போது நான் வாயைத் திறக்கப்போவதில்லை. தெலுங்கோ தமிழோ, அவரே சொல்லட்டும்.

புட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். நீ அவளுக்கு ஏதோ அனுப்பியிருக்கிறாய் என்று நினைக்கிறாள். இந்தக் கடிதத்தில் ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பு அவள் கை.

பாறையில் பார்த்து ஏறு.

சுசி